சம்பந்தி வீட்டுத் தூக்கு

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு என் அனுபவத்திலிருந்து ஏதாவது சொல்ல வேண்டும் என்று மையத்தில் கேட்டார்கள். நேரில் கூப்பிட்டால் மதியச் சாப்பாடு வரை பேச்சை நிறுத்த மாட்டேன் என்று தெரிந்துதான் எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். மைக்கை எங்கே வைப்பது, பதிவை எங்கே ஏற்றுவது என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதப் போவதில்லை. நான் எழுதப் போவது ஒரு பித்தளைத் தூக்கைப் பற்றி. மூடியும் பிடியும் வைத்த சாதாரணத் தூக்கு. அதனால் ஒரு கல்யாணம் நின்றுபோகப் பார்த்தது. நிறுத்தப் பார்த்தவர்கள் வேறு யாருமில்லை, பாரம்பரியத்தைக் காப்பாற்றுகிறோம் பேர்வழி என்று கிளம்பிய நாம்தான்.

அப்போது நமது மையம் ஸ்ரீராம்புரத்தில் ஒரு சந்துக்குள் வாடகைக்கு இருந்தது. அங்கே உள்ள தமிழ்க் குடும்பங்கள் பெங்களூருக்கு எப்படி வந்தார்கள், என்ன வேலை செய்தார்கள் என்பதை அவர்கள் வாயாலேயே சொல்லச் சொல்லிப் பதிவு செய்வோம். பிறகு அதே கதையை அவர்களுடைய பிள்ளைகள் முன்னால் சொல்ல வைப்போம். வேலை நன்றாகவே போய்க்கொண்டிருந்தது. நன்றாகப் போகிற வேலையைச் சும்மா விட யாருக்கு மனசு வரும்? எங்களில் ஒருவர் ஏதோ பயிற்சிக்குப் போய்விட்டு வந்து, கதை மட்டும் இருந்தால் போதாது, ஒவ்வொரு கதைக்கும் ஒரு பொருள் இருக்க வேண்டும் என்றார். உடனே வீட்டுப் பொருள் கண்காட்சி என்று முடிவாயிற்று. பொருள் இல்லாத கதையை ஏற்பதில்லை என்று சந்து முழுக்கச் சொல்லி அனுப்பினோம். எனக்கும் அது பிரமாதமான யோசனையாகத்தான் பட்டது, ஏன் என்று இப்போது கேட்காதீர்கள்.

சந்து எங்களைக் கைவிடவில்லை. ஒருவர் பிரஷர் குக்கரின் விசிலை மட்டும் கொண்டுவந்தார். குக்கர் எங்கே என்று கேட்டதற்கு, அதில் சாம்பார் கொதிக்கிறது என்றார். இன்னொருவர் மாமனாரின் பல் செட்டை டம்ளரோடு வைத்துவிட்டுப் போனார். மாமனார் சாப்பாட்டு நேரத்துக்கு வந்து பல்லை மாட்டிக்கொண்டு போய், சாப்பிட்டதும் திருப்பிக் கொண்டுவந்து டம்ளரில் போடுவார். அத்தனை பொருளுக்கும் பொறுப்பு பிரகாஷ். அவர் பல வருடம் சாஃப்ட்வேர் கம்பெனியில் டெஸ்டிங் பார்த்துவிட்டு, மனிதர்களோடு வேலை செய்ய வேண்டும் என்று எங்களிடம் வந்தவர். தங்கமான மனிதர். ஆனால் எதைப் பார்த்தாலும் அதில் ஒரு தப்பு ஒளிந்திருக்கிறது என்று தேடுகிற பழைய வியாதி மட்டும் அவரை விடவில்லை.

சந்தின் சிறந்த கதைசொல்லி செல்வராணி. மாநகராட்சியில் தெருக்கூட்டும் வேலை. விடியற்காலையில் போய் மதியத்துக்குள் திரும்பிவிடுவார். அவர் சொன்னது அவருடைய அப்பாவின் கதை. திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து மில் வேலைக்கு ரயிலேறி வந்த மனிதர். கையில் இருந்தது ஒரு பித்தளைத் தூக்கு, அதில் புளிச்சோறு. சோறு வழியிலேயே தீர்ந்துவிட்டது, தூக்கு மட்டும் மிச்சம். ஒரே அறையில் வரிசையாகப் பலர் படுத்த காலம் அது. தலையணை வாங்க வக்கில்லாமல் தூக்கைக் கவிழ்த்துத் தலைக்கு வைத்துக்கொண்டாராம். அதனால் அவருடைய கன்னத்தில் தூக்கின் அடி வட்டம் பதிந்தே இருக்கும். ஆலையில் அவருக்கு வட்டக்கன்னம் என்றே பெயர். சம்பளம் வந்த அன்று மட்டும் அந்தத் தூக்கில் ஆட்டுக்கறி வரும். அன்றைக்கு அவருக்குத் தலையணை கிடையாது.

கேட்டு நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அந்தத் தூக்கு இருக்கிறதா என்று ஆவலாகக் கேட்டேன். செல்வராணி பரணை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார். பிறகு உள்ளே போய் ஒரு பித்தளைத் தூக்கை எடுத்துவந்து தந்தார். அதன் வயிற்றில் ஒட்ட வேண்டிய பெயர்ச் சீட்டைத் தானே வாங்கி, தானே பார்த்து ஒட்டினார். பொறுப்பான பெண்மணி என்று நினைத்துக்கொண்டேன்.

கண்காட்சியின் ராணி அந்தத் தூக்குதான். ஹெட்ஃபோனைக் காதில் வைத்தவர்கள் எல்லாம் தூக்கைப் பார்த்துச் சிரித்தார்கள். செல்வராணியின் மகள் ரேவதி, ஒரு துணிக்கடையில் பில் போடுகிறவள், தன்னோடு வேலை செய்யும் பெண்களைக் கூட்டிவந்து தாத்தாவின் கதையைக் கன்னடத்தில் சொன்னாள். அதுவரை தாத்தாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசாத பெண் என்று செல்வராணி என்னிடம் சொன்னார். அன்று எனக்கிருந்த பெருமையை அளந்து சொல்ல முடியாது.

மறுநாள் பொருள்களைத் திருப்பித் தரும் வேலை. அதற்கும் ஒரு விதி வைத்திருந்தோம், சுவரில் பெரிதாக எழுதி. வாங்கிய பொருளைச் சுத்தமாக, ஈரமில்லாமல், காலியாகத் திருப்பித் தர வேண்டும். நம் வீடுகளில் யாராவது பக்கத்து வீட்டுப் பாத்திரத்தைக் காலியாகத் திருப்பித் தருவார்களா? ஒன்றும் இல்லாவிட்டால் கொஞ்சம் சர்க்கரையாவது போட்டுத்தானே கொடுப்போம். என் வீட்டில் நானும் அப்படித்தான். ஆனால் ஆபீஸ் வாசலை மிதித்ததும் பாத்திரம் காட்சிப்பொருள் ஆகிவிடுகிறது, நமக்கும் எங்கிருந்தோ ஒரு அதிகாரி முகம் வந்துவிடுகிறது. சந்து முழுக்கக் காலிப் பாத்திரங்களைப் பளபளவென்று திருப்பிக் கொடுத்தோம். வாங்கிக்கொண்டவர்கள் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்கள். நாங்கள் அதைக் கவனிக்கவே இல்லை.

தூக்கைப் பிரகாஷ் புளி போட்டுத் தேய்த்தார். செல்வராணி ஒட்டிய சீட்டு தண்ணீரில் ஊறிக் கழன்றது. அதற்கு அடியில் பெயர் வெட்டியிருந்தது. யாரோ ஓர் ஆணின் பெயர், பக்கத்தில் அவர் இருக்கும் பேட்டை, நீலசந்திரா. வேறு யாராக இருந்தாலும் நாலு வீடு தள்ளிப் போய்ச் செல்வராணியைக் கேட்டிருப்பார்கள். பிரகாஷுக்கோ தேடிக்கொண்டிருந்த தப்பு கிடைத்துவிட்டது. சீட்டு மாறிவிட்டது, உண்மையான சொந்தக்காரர் நீலசந்திராவில் காத்திருக்கிறார் என்று முடிவு செய்து, தூக்கைக் குமிழ் பிளாஸ்டிக்கில் சுற்றிக்கொண்டு பைக்கை எடுத்தார். நீலசந்திராவில் டீக்கடை டீக்கடையாக விசாரித்து வீட்டையும் பிடித்துவிட்டார். அந்த வீட்டு அம்மாள் எங்கிருந்து வருகிறது என்று கேட்டாராம். சீட்டில் இருந்தபடியே, ஸ்ரீராம்புரத்துச் செல்வராணி வீட்டிலிருந்து என்று இவர் சொன்னாராம். அந்த அம்மாள் மூடியைத் திறந்து பார்த்து, வேறு ஒன்றும் சொல்லி அனுப்பவில்லையா என்று கேட்டிருக்கிறார். ஒன்றும் இல்லை, ஒரு கையெழுத்துப் போட்டால் போதும் என்று பிரகாஷ் சொல்லியிருக்கிறார். கையெழுத்தும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். நாங்கள் எல்லோரும் சபாஷ் சொன்னோம். நான் என் பங்கு மைசூர்பாகைக்கூட அவருக்குக் கொடுத்தேன்.

அடுத்த நாள் காலை செல்வராணி வேலையிலிருந்து நேரே வந்தார். துடைப்பத்தை வாசலில் சாய்த்துவிட்டு உள்ளே வந்து, எங்கள் தூக்கு எங்கே என்று கேட்டார். பிரகாஷ் சந்தோஷமாக எழுந்து, உரியவரிடமே சேர்த்துவிட்டதாகச் சொன்னார். செல்வராணி அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். முதல் நாள் இரவு போனில் வந்த பேச்சு உண்மைதானா என்று உறுதி செய்துகொள்ளத்தான் வந்திருக்கிறார்.

விஷயம் இதுதான். அந்தத் தூக்கு ரேவதியைப் பெண் பார்த்துவிட்டுப் போன மாப்பிள்ளை வீட்டுத் தூக்கு. பெண் பிடித்திருக்கிறது என்று அதில் இனிப்பு நிரப்பி அனுப்பியிருந்தார்கள். பெண் வீட்டுக்குச் சம்மதம் என்றால் அதே தூக்கை நிரப்பித் திருப்பி அனுப்ப வேண்டும். இல்லையென்றால் காலியாக அனுப்பிவிடலாம், வாய் திறந்து எதுவும் சொல்ல வேண்டியதில்லை. அவர்கள் இரண்டு குடும்பத்திலும் அப்படி ஒரு வழக்கம். ஆடி மாதமாக இருந்ததால், ஆவணி பிறக்கட்டும் என்று செல்வராணி தூக்கைப் பரணில் வைத்திருந்தார். நாங்கள் அதைக் காலியாக, அதுவும் ஆடியில், துடைத்து, பொட்டலம் கட்டி, கையெழுத்தும் வாங்கிக்கொண்டு சேர்த்துவிட்டோம். மாப்பிள்ளையின் அம்மா தனலட்சுமி போன் செய்து, உங்கள் பதில் வந்துவிட்டது என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாராம். ரேவதிக்கு அந்தப் பையனை ரொம்பப் பிடித்திருந்தது. இரவு முழுக்க அம்மாவோடு பேசவில்லை.

மாப்பிள்ளை வீட்டுத் தூக்கை ஏன் எங்களிடம் கொடுத்தீர்கள் என்று நான் கேட்டேன். என் வாழ்க்கையில் கேட்டிருக்கவே கூடாத கேள்விகளில் அது முதல் வரிசை.

"நீங்கதான மேடம் பொருள் இல்லாத கதை வேணாம்னீங்க. எங்கப்பா தூக்க எங்கம்மா எப்பவோ பாத்திரக்காரிகிட்ட போட்டு எவர்சில்வர் தட்டு வாங்கிட்டா. இது ஊட்ல சும்மா இருந்துச்சு. நம்ம அப்பா கதைக்காக ரெண்டு நாள் நின்னுட்டு வரட்டும்னு குடுத்தேன்."

கதை நிஜம், அதைச் சொன்ன வாய் நிஜம். பொய்யாக இருந்தது நாங்கள் போட்ட விதி ஒன்றுதான்.

உடனே ஆபீஸில் ஆலோசனைக் கூட்டம். மையத்தின் லெட்டர்ஹெட்டில் வருத்தம் தெரிவிக்கலாம் என்றார் ஒருவர். போய்ச் சேர்ந்தது நகல் தூக்கு, அசல் இன்னும் எங்களிடம் பத்திரமாக இருக்கிறது என்று சொல்லலாம் என்றார் இன்னொருவர். பிரகாஷ் தான் போய் கையெழுத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவதாகச் சொன்னார். எப்படித் திருப்பிக் கொடுப்பது என்று அவருக்கே தெரியவில்லை. நேரில் போய்ப் பேசுவது என்று நான் முடிவு செய்தேன். செல்வராணியால் வர முடியாது. முறித்துக்கொண்ட மாதிரி ஆகிவிட்ட வீட்டுக்குப் பெண்ணைப் பெற்றவள் தானாகப் போனால் அது வேறு மாதிரிப் பேச்சாகிவிடும். கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எப்டியாச்சும் பேசுங்க மேடம். ஆனா எங்கப்பா கதைய பொய்னு மட்டும் சொல்லிடாதீங்க. இப்பதான் ரேவதி அவர தாத்தானு சொல்லிக்கினு திரியிறா."

கல்யாணத்தையும் காப்பாற்ற வேண்டும், அப்பாவையும் காப்பாற்ற வேண்டும். பிரகாஷும் நானும் ஆட்டோவில் ஏறினோம். வழியெல்லாம் பொய்களை ஒத்திகை பார்த்துக்கொண்டே போனோம். எங்கள் வேலையில் நாங்கள் கற்றுக்கொண்டதெல்லாம் அடுத்தவர் சொல்வதைக் கேட்பது. பொய் சொல்ல ஒரு பயிற்சியும் இல்லை. பிரகாஷ் சொன்ன ஒவ்வொரு பொய்யிலும் அவரே ஓட்டை கண்டுபிடித்தார். ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்து, மேடம், இது நிக்காது, நெஜத்தையே சொல்லிடுங்க என்றார்.

தனலட்சுமி வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறவர். கழுத்தில் அளவு நாடா, காலடியில் மிஷின். தூக்கு டிவி மேல் இருந்தது, குமிழ் பிளாஸ்டிக்கைக்கூடப் பிரிக்கவில்லை. பிரகாஷைப் பார்த்ததும், இன்னொரு கையெழுத்து வேண்டுமா என்று கேட்டார். எங்களை உட்காரச் சொல்லவில்லை.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். எங்கள் விதி, எங்கள் கண்காட்சி, செல்வராணியின் அப்பா, பரணில் ஆவணிக்காகக் காத்திருந்த தூக்கு, கழன்ற சீட்டு, பிரகாஷின் துப்பறிதல், எதையும் மறைக்கவில்லை. அவர் தைப்பதை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தார். நம்பினாரா இல்லையா என்று முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு செல்போனில் செல்வராணியின் பதிவைப் போட்டேன். தலையணை வந்த இடத்தில் மிஷின் மெதுவானது. வட்டக்கன்னம் வந்ததும் நின்றது. ஆட்டுக்கறி வந்த இடத்தில் அவருக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது, கஷ்டப்பட்டு அடக்கிக்கொண்டார். பக்கத்து வீட்டுப் பெண்கள் வாசலில் வந்து நின்றார்கள். ஜெயித்துவிட்டோம் என்று நான் நினைத்தபோது தனலட்சுமி மிஷினிலிருந்து நிமிர்ந்தார்.

"எல்லாம் சரி. காலியா குடுத்தது தப்புனு சொல்ல வந்திருக்கீங்க. அதுக்கும் வெறுங்கைய வீசிக்கினுதான வந்திருக்கீங்க."

நான் என் கையைப் பார்த்தேன். பிரகாஷ் தன் கையைப் பார்த்தார். வாசலில் நின்ற பெண்கள் எங்கள் இரண்டு பேர் கையையும் பார்த்தார்கள். பண்பாட்டைப் பற்றி ஊர் ஊராகக் கருத்தரங்கில் பேசியவள் நான். ஒரு சீப்பு வாழைப்பழம்கூட வாங்கத் தோன்றவில்லை. பூமி பிளந்து என்னை மட்டும் விழுங்கினால் தேவலை என்றிருந்தது.

பிரகாஷ் தூக்கைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினார். போன வேகத்தில் திரும்பி வந்தார். முக்கில் இருந்தது ஒரு பேக்கரிதானாம். தேங்காயும் சர்க்கரையும் வைத்த தில்பசந்தைத் துண்டு துண்டாக அடைத்து, இடம் மிச்சமிருக்கக் கூடாது என்று மேலே மிளகாய் போட்ட காரா பன்னையும் அமுக்கி வைத்திருந்தார். மூடி மூடவில்லை. தனலட்சுமி தூக்கை வாங்கவில்லை. நிதானமாக ஒரு கேள்வி கேட்டார்.

"இது உங்க ஆபீஸ்லேந்து வருதா, பொண்ணு வீட்லேந்து வருதா?"

நெருக்கடியில் முடிவெடுப்பது என்று உங்களுக்குப் பயிற்சி வகுப்பு நடத்துகிறார்களாமே, அதை நான் கற்றுக்கொண்டது அந்த நிமிஷத்தில்தான். ஆபீஸிலிருந்து என்றால் அது வெறும் பன். பெண் வீட்டிலிருந்து என்றால் அது சம்மதம். ஆடி மாதத்தில், பெற்றவளைக் கேட்காமல், ஒரு பெண்ணை நான் காரா பன்னோடு கட்டிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். பிரகாஷ் என் காதில், பெண் வீடு என்றே சொல்லிவிடுங்கள், இதுதான் சந்தர்ப்பம் என்றார். எனக்கும் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. நல்ல காரியம்தானே, சொன்னால் என்ன என்றுதான் தோன்றியது. ஆனால் செல்வராணியின் கதைக்குப் பொருள் வேண்டும் என்று அடம்பிடித்ததும் நாங்கள்தான், அவருடைய பதிலை அவருக்குப் பதிலாகக் கொண்டுபோய்ச் சேர்த்ததும் நாங்கள்தான். மூன்றாவது முறையும் அவருக்காக நான் வாய் திறப்பதா? எனக்கு அதைச் சொல்ல அதிகாரம் இல்லை என்று சொல்லி, செல்வராணிக்குப் போன் போட்டு, தனலட்சுமியின் கையில் கொடுத்துவிட்டு வாசலுக்கு வந்துவிட்டேன்.

உள்ளே தனலட்சுமியின் குரல் கேட்டது. அப்புறம் அவர் நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். செல்வராணி பதிவில் சொல்லாமல் விட்ட பாதியைச் சொல்லியிருக்கிறார். பாத்திரக்காரியிடம் தூக்கு போன அன்று அப்பா, என் தலகாணிய வித்துட்டியே என்று கத்தி, சாப்பிட மாட்டேன் என்று முரண்டு பிடித்து, பசி தாங்காமல் புதுத் தட்டிலேயே உட்கார்ந்து, இதில் சோறு அதிகமாகத் தெரிகிறது என்று சமாதானமாகிவிட்டாராம். தனலட்சுமி அளவு நாடாவால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தபோதும் போனை வைக்கவில்லை.

"எங்க தூக்குக்கு ஏது கதை? யாரோ கல்யாணத்துல குடுத்தாங்க, இவரு பேர வெட்டிக்கினாரு, அவ்ளோதான். உங்கப்பா கதை இதுக்கு நல்லா ஒட்டுது. அது இதுலயே இருக்கட்டும் சம்பந்தி. ஆவணில பேசிக்கலாம்."

சம்பந்தி என்ற அந்த ஒரு சொல்லைக் கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெட்கமாக இருந்தது, ஆனாலும் துடைத்துக்கொள்ளவில்லை. பிரகாஷ் தில்பசந்தை எல்லோருக்கும் எடுத்துக் கொடுத்தார்.

இதிலிருந்து பாடம் என்ன என்று எழுதச் சொல்கிறார்கள். கதையைச் சேகரிக்கப் போகிறவர்கள் கதையின் நடுவில் போய் உட்கார்ந்துகொள்ளக் கூடாது. உட்கார்ந்துவிட்டீர்கள் என்று தெரிந்தால் எழுந்து, உரியவர்கள் கையில் போனைக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். சுவரில் இருந்த அந்த விதியை அன்று சாயங்காலமே நான் கிழித்துவிட்டேன். பொருள் இல்லாத கதையையும் அதற்குப் பிறகு ஏற்றுக்கொண்டோம். அப்புறம் வந்த கதைகளில் பாதி, விற்றுப்போன, தொலைந்துபோன, அடகில் மூழ்கிப்போன சாமான்களின் கதைகள்.

கல்யாணம் ஆவணியில் நடந்தது. மையத்திலிருந்து எல்லோரும் போயிருந்தோம். இந்த முறை கை நிறையக் கொண்டுபோனோம். வரவேற்பு மேஜையில் சந்தனத்துக்குப் பக்கத்தில் அந்தத் தூக்கை வைத்து, தனலட்சுமி தன் சொந்தக்காரர்களுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் கதை கொஞ்சம் வளர்ந்திருந்தது. ரேவதியின் தாத்தா இப்போது ரயிலில் வரவில்லை, திருவண்ணாமலையிலிருந்து நடந்தே வந்தார். வழியில் ஒரு திருடன் தூக்கைத் தலைக்கு அடியிலிருந்து இழுத்தான். தாத்தா தூங்கிக்கொண்டே அவன் மண்டையில் ஒன்று போட்டார். பிரகாஷுக்கு முகம் வெளிறிவிட்டது. பதிவில் இது இல்லையே என்று முன்னால் பாய்ந்தவரின் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டேன்.

செல்வராணி கூட்டத்துக்குள் புகுந்து தனலட்சுமிக்கு எதிரிலேயே வந்து நின்றார். கையில் தாம்பூலத் தட்டு, உடம்பில் புதுப் பட்டுப்புடவை. தன் அப்பாவின் கதையை, தன் சம்பந்தியின் வாயிலிருந்து, கண்ணை அகலத் திறந்து கேட்டுக்கொண்டிருந்தார். மறுத்துப் பேசப் போகிறாரோ என்று பிரகாஷின் சட்டையை இன்னும் இறுக்கிப் பிடித்தேன். தனலட்சுமி மூச்சு வாங்க ஒரு கணம் நிறுத்தினார்.

"அப்புறம் இன்னா ஆச்சு சம்பந்தி?" என்று கேட்டார் செல்வராணி.